தோட்டா இல்லாத துப்பாக்கி

மலையடிவாரத்து ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் ஆன செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். மேசை மேல் வரிசையாகக் கிடத்திய நீளக் குழல்கள், பக்கத்தில் ஒரு டப்பாவில் கரிமருந்து, கொஞ்சம் ஈயக் குண்டு. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து இறுக்கி, மேலே குண்டைப் போட்டுச் சுடும் வகை அது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் மானைச் சுடுவது குற்றம். அதனால் இங்கே அந்தத் துப்பாக்கியின் கதை காவல் நிலையத்து மேசையோடு முடிந்துவிடுகிறது.

அதே வகைத் துப்பாக்கி அமெரிக்காவில் வேட்டைச் சாமான் கடைகளில் பெட்டியில் அடைத்துப் புத்தம்புதிதாக விற்கப்படுகிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழல், மழையில் ஊறாத பிளாஸ்டிக் கட்டை, மேலே ஸ்கோப். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இன்றைய ரைஃபிள் என்றே தோன்றும். ஆனால் அதற்குத் தோட்டா கிடையாது. இதிலும் வாய் வழியாகத்தான் மருந்து, கம்பி போட்டுத்தான் குண்டு. இதற்கு ‘இன்லைன் மஸில்லோடர்’ என்று பெயர். மஸில்லோடர் என்றால் வாய்வழித் துப்பாக்கி; இன்லைன் என்ன என்பது பின்னால் வரும். தோட்டாத் துப்பாக்கி வந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆன நாட்டில், ஒரு தடவை சுட்டுவிட்டு அரை நிமிடம் கம்பி இடிக்கும் சாதனத்தை எதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? பதிலுக்கு வேட்டைக்கால நாட்காட்டியைத்தான் புரட்ட வேண்டும்.

அமெரிக்காவில் மான் வேட்டை ஒவ்வொரு மாநிலத்தின் தனி விவகாரம். பெரும்பாலும் சுடப்படுவது வெள்ளைவால் மான். எத்தனை மான், எந்த மாதம், எந்த ஆயுதம் என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் அச்சிட்டுக் கொடுக்கும். வில்லுக்கு ஒரு காலம், துப்பாக்கிக்கு ஒரு காலம், வாய்வழித் துப்பாக்கிக்கு ஒரு காலம். ஒஹாயோவில் சாதாரணத் துப்பாக்கிக்குக் கிடைப்பது ஒரு வாரமும் ஒரு வாரயிறுதியும். அது முடிந்த பிறகு ஜனவரித் தொடக்கத்தில் வாய்வழித் துப்பாக்கிக்கு மட்டும் தனியாக நான்கு நாள் வரும். பென்சில்வேனியா 1974-இலேயே சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்று ஒரு காலத்தைத் திறந்துவிட்டது. கஷ்டமான ஆயுதத்தோடு வருகிறவனுக்குக் கூட்டமில்லாத காட்டில் சில நாள் சலுகை என்பது இதன் கணக்கு.

சலுகை என்று ஒன்று வந்துவிட்டால் கஷ்டத்தைக் குறைக்க யாராவது வழி கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? 1985-இல் மிசூரி மாநிலத்தில் துப்பாக்கிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த டோனி நைட் என்பவர் எம்கே-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தார். எம்கே என்பது அவருடைய மகள் மிஷெல் நைட்டின் பெயரெழுத்து. அந்தத் துப்பாக்கிதான் இன்லைன் என்ற சந்தையையே உருவாக்கியது. யோசனை என்னவோ பழையது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே அப்படிச் சில துப்பாக்கிகள் செய்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அதற்குத் தனி வேட்டைக்காலம் கொடுக்க யாரும் இல்லை.

சரி, இன்லைன் என்றால் என்ன? பழைய துப்பாக்கியில் குதிரை, அதாவது சுத்தியல்போல் அடிக்கும் பாகம், பக்கவாட்டில் இருக்கும். அது விழுந்து ஒரு சின்னத் தாமிரத் தொப்பியை அடிக்கும். தீபாவளிக்குக் குழந்தைகள் சுடும் பொட்டு வெடியை நினைத்துக்கொள்ளுங்கள்; கிட்டத்தட்ட அதே தத்துவம்தான். அதில் பிறந்த பொறி ஒரு சின்ன ஓட்டைக்குள் நுழைந்து, ஒரு மூலையில் திரும்பி, அப்புறம்தான் குழலுக்குள் இருக்கும் மருந்தைத் தொடும். அந்தத் திருப்பத்தில் துளி எண்ணெயோ கரியோ ஈரமோ இருந்தால் ‘புஸ்’. மானும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இன்லைனில் பொறி மருந்துக்கு நேர் பின்னால், குழலின் அதே கோட்டில் இருக்கிறது. திருப்பம் இல்லை. இன்று தொப்பிக்குப் பதிலாக ஷாட்கன் தோட்டாவின் அடியில் பொறி கிளப்ப இருக்கும் 209 எண் பிரைமரை வைக்கிறார்கள். அதன் சுடர் தாமிரத் தொப்பியின் பொறியைவிடச் சூடானது. போதாக்குறைக்கு, திறப்பை மூடினால் அது மழைக்கு ஒளிந்துகொள்ளும்.

இன்னொரு மாற்றத்தை விளம்பரங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கணக்கில் அதுதான் பெரியது. குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் மரையாணியை, அதாவது பிரீச் பிளக்கை, இன்லைனில் கழற்றலாம். குழல் இரண்டு பக்கமும் திறந்த குழாயாகிவிடும். ஒளியைப் பிடித்து உள்ளே பார்க்கலாம், பின்னாலிருந்து கழுவலாம், சுடாமல் மிச்சமான மருந்தையும் குண்டையும் அப்படியே பின்னால் தள்ளி எடுத்துவிடலாம். பழைய பக்கவாட்டுத் துப்பாக்கியில் இதெல்லாம் சுலபமாக நடக்காது.

இன்லைன் பரவியதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய், அயோவா எல்லாம் தட்டையான சோள நிலம். ரைஃபிள் குண்டு தவறிப்போனால் மைல் கணக்கில் போகும் என்று அந்தப் பக்கத்து மாநிலங்கள் மான் வேட்டைக்குப் பல்லாண்டு காலம் சாதாரண ரைஃபிளை அனுமதிக்கவில்லை. ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் குண்டு அல்லது வாய்வழித் துப்பாக்கி, இரண்டில் ஒன்று. நல்ல இன்லைன் ஒன்று சாதாரண ஷாட்கன்னைவிடத் தூரமாகவும் துல்லியமாகவும் போகும். அதனால் பொதுத் துப்பாக்கி வாரத்துக்கே பலர் இன்லைனை எடுத்துப் போனார்கள்.

இந்தக் காரணம் இப்போது தேய்ந்துகொண்டிருக்கிறது. நேர்ச்சுவர்த் தோட்டா, அதாவது கழுத்துக் குறுகாமல் நேராக இருக்கும் வேகம் குறைந்த தோட்டா போடும் ரைஃபிளை ஒஹாயோ 2014-இல் அனுமதித்தது. மிச்சிகன், அயோவா எல்லாம் அந்த வழியில் வந்தன. 2019-இல் வின்செஸ்டர் நிறுவனம் 350 லெஜெண்ட் என்ற தோட்டாவை இந்தச் சந்தையைக் குறிவைத்தே இறக்கியது. 2023-இல் இல்லினாயும் ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் ரைஃபிளுக்குக் கதவைத் திறந்தது. ஆகவே, இந்த மாநிலங்களில் பொதுத் துப்பாக்கி வாரத்துக்கு மட்டும் போகிற ஒருவர் இன்று இன்லைன் வாங்கத் தேவையில்லை என்பேன். அந்தத் தனி நான்கு நாளும் வேண்டும், அல்லது மேற்கு மாநிலங்களில் குலுக்கலில் கொடுக்கும் வாய்வழித் துப்பாக்கி வேட்டைச் சீட்டு விழுந்திருக்கிறது என்றால்தான் அர்த்தம்.

கடைக்காரர்கள் சொல்லும் இன்னொரு வசதியையும் சொல்லிவிடலாம். 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், தோட்டா போட முடியாத வாய்வழித் துப்பாக்கி ‘பழம்பொருள்’ என்ற கணக்கில் வருகிறது. வழக்கமான துப்பாக்கிக்குரிய மத்திய அரசுப் படிவம் இதற்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் குழலை மாற்றித் தோட்டா ரைஃபிளாக்கக் கூடியவை இந்த விலக்கில் அடங்காது. சில மாநிலங்கள் எல்லாவற்றையுமே துப்பாக்கியாகத்தான் பார்க்கின்றன. ‘பழம்பொருள்தானே’ என்று நினைத்துக்கொண்டு எல்லை தாண்டுவது வம்பு.

இனி, எதை வாங்குவது. கடைக்குப் போகும் முன் உங்கள் மாநிலத்தின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். ஒஹாயோவில் ராஜாவாக இருக்கும் துப்பாக்கி கொலராடோவில் பாதிக் குற்றவாளி. கொலராடோவின் தனிக்காலத்தில் இன்லைன் செல்லும். ஆனால் ஸ்கோப் கூடாது, வில்லையாக அழுத்திய மருந்து கூடாது, பிளாஸ்டிக் உறை போட்ட குண்டு கூடாது. ஐடஹோ இன்னும் கறார்: 209 பிரைமரே கூடாது, பொறி பிறக்கும் இடம் வெயிலும் மழையும் படும்படி வெளியே தெரிய வேண்டும். பென்சில்வேனியாவில் அக்டோபரில் வரும் கொம்பில்லா மான் காலத்துக்கு இன்லைனை எடுத்துப் போகலாம். கிறிஸ்துமஸுக்குப் பிந்திய காலத்தில் சிக்கிமுக்கிக் கல் மட்டும்தான். உட்டா உருப்பெருக்கும் ஸ்கோப்பைச் சில ஆண்டுகள் அனுமதித்துவிட்டு 2024 காலத்திலிருந்து மறுபடி நிறுத்திவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மருந்தை உறையில் அடைத்துப் பின்பக்கமாகச் செருகி, குண்டை மட்டும் வாய் வழியாகப் போடும் நைட்ரோஃபயர் என்ற துப்பாக்கி 2020-இல் வந்தது. இதை மஸில்லோடர் என்று ஏற்பதா வேண்டாமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு பதில்.

விதி தெளிவானால் துப்பாக்கித் தேர்வு அவ்வளவு கஷ்டமில்லை. குழல் விட்டம் .50 அங்குலம் என்றால் குண்டும் உதிரியும் எங்கும் கிடைக்கும். .45 சற்று வேகமானது, ஆனால் கடையில் தேட வேண்டும். நடுவில் மடக்கித் திறக்கும் வகை இன்று சந்தையை ஆள்கிறது. சிவிஏ, டிரெடிஷன்ஸ் போன்ற நிறுவனங்களின் துப்பாக்கி சில நூறு டாலரில் தொடங்கும். பிரீச் பிளக் கையாலேயே கழன்று வருமா என்று கடையிலேயே பாருங்கள். துருப்பிடிக்காத எஃகுக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீண் போகாது. காரணம் பின்னால் வரும்.

ஒரு எண்ணை மட்டும் கட்டாயம் கவனிக்க வேண்டும். குழலின் உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று வருகிறது என்பதுதான் அது. துணியில் சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 66 அங்குலத்தில் ஒரு சுற்று என்பதுபோல் மெதுவான சுழற்சி போதும். நீளமான குண்டு அவ்வளவு மெதுவாகச் சுற்றினால் தலைகுப்புறப் புரளும். அதற்கு வேகச் சுழற்சி வேண்டும். இன்றைய இன்லைன்களில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய துப்பாக்கிகளில் காணும் 48, இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். குழலில் எழுதியிருக்கும் இந்த எண்தான் எந்தக் குண்டு வாங்க வேண்டும் என்று சொல்லும்.

துப்பாக்கி வாங்குவது வரை எல்லாம் கடைக்காரர் வேலை. அதற்குமேல் உங்கள் வேலை தொடங்குகிறது. ரைஃபிள் தோட்டாவில் மருந்தை எடைபோட்டு, குண்டை அழுத்தி, பிரைமரைப் பொருத்தி ஒரே மாதிரி லட்சக்கணக்கில் செய்து தர ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மஸில்லோடரில் அந்தத் தொழிற்சாலை நீங்கள்தான். ஒவ்வொரு தடவையும் குழலுக்குள்ளேயே ஒரு தோட்டாவைக் கட்டுகிறீர்கள். தவறிப்போன குண்டுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் துப்பாக்கி அல்ல, இந்தக் கட்டுமானத்தில் விட்ட ஏதோ ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

முதலில் மருந்து. அசல் கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். அந்த வெடியுப்பில் நம் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு வெடியுப்பு அனுப்பியதில் பெரும்பங்கு பீகாரும் வங்கமும்தான். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861-இல், வடக்கு மாநிலங்களின் படைக்காக, கரிமருந்து செய்த டூபோன்ட் குடும்பத்து லாமோட் டூபோன்ட் என்பவர் இங்கிலாந்துக்குப் போய் வாங்கிக் குவித்தது இந்திய வெடியுப்பைத்தான். இன்று அசல் கரிமருந்து கிடைப்பதே அரிது. அது வெடிபொருள் பட்டியலில் இருப்பதால் பல கடைகள் வைப்பதில்லை. லூசியானாவில் இருந்த கோயெக்ஸ் ஆலையை ஹாட்ஜ்டன் நிறுவனம் 2021-இல் மூடுவதாக அறிவித்து, மறு ஆண்டு எஸ்டிஸ் நிறுவனம் வாங்கி மறுபடி ஓட்டியது.

அதனால் இன்லைன்காரர்கள் மாற்று மருந்தைத்தான் போடுகிறார்கள். 1970-களில் டேன் பாலக் கண்டுபிடித்த பைரோடெக்ஸ் முதலில் வந்தது. தன் ஆலையில் நடந்த தீவிபத்திலேயே அவர் 1977-இல் இறந்துபோனார். அப்புறம் கந்தகம் இல்லாத டிரிபிள் செவன், 2008-இல் பிளாக்ஹார்ன் 209. இவை தூளாகவும் கிடைக்கும், சில வில்லையாகவும் கிடைக்கும். 50 கிரெயின் வில்லை இரண்டைப் போட்டால் 100 கிரெயின். கிரெயின் என்பது பவுண்டில் 7000-இல் ஒரு பங்கு. நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். ஆக 100 கிரெயின் என்பது ஐம்பது குன்றிமணி எடை.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். குண்டுக்குக் கிரெயின் என்பது எடைதான், ஆனால் மஸில்லோடர் மருந்துக்கு அது எடைக் கணக்கு அல்ல. 100 கிரெயின் கரிமருந்து எந்த அளவு இடத்தை அடைக்குமோ அந்த அளவுப் படி. படியால் அளக்கும் மருந்தைத் தராசில் போட்டால் ஆபத்து. பிளாக்ஹார்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 100 படிக் கிரெயினின் நிஜ எடை சுமார் 70 கிரெயின்தான். தராசில் 100 வைத்துப் போட்டால், தயாரிப்பாளர் வகுத்த 120 படிக் கிரெயின் உச்சத்தையும் தாண்டிப் போய்விடும். டிரிபிள் செவன் தூளோ, அதே படியில் கரிமருந்தைவிட வேகம் கூடியது; கரிமருந்தின் வேகமே போதும் என்றால் படியை 15 சதவீதம் குறைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, ரைஃபிள் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தைச் சாதாரண மஸில்லோடரில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. குழல் கிழியும், கை போகும். ஹென்றி பால் என்பவரின் வடிவமைப்பை வைத்து சேவேஜ் நிறுவனம் 2000-இல் கொண்டுவந்த 10எம்எல் போல, அதற்கென்றே கட்டிய துப்பாக்கிகள் சில உண்டு. உங்களுடையது அந்த வகை என்று குழலிலும் கையேட்டிலும் எழுதியிருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எவ்வளவு மருந்து? பெட்டியில் 150 கிரெயின் ‘மேக்னம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குண்டோடு சேர்ந்து மருந்தின் எடையும்தான் குழலை விட்டுப் பாய்கிறது. அதனால் தோளில் விழும் உதை எகிறும். குழல் கட்டையாக இருந்தால் கடைசிக் கொஞ்சம் எரியாமலேயே வெளியே கொட்டும். 100 கிரெயின் மருந்தும் 250 கிரெயின் எடைக் குண்டும் சேர்ந்தால் நொடிக்கு 1,700 முதல் 1,800 அடி வேகம் வரும். நூறு, நூற்றைம்பது கஜத்தில் நிற்கும் மானுக்கு அது தாராளம். அதற்குமேல் போடும் மருந்து விற்பனைக்காரருக்குத்தான் லாபம்.

குண்டு விஷயத்தில் மூன்று வழி. துணி சுற்றிய உருண்டைக் குண்டு இன்லைனுக்குப் பொருந்தாது. குழலின் முழு விட்டத்துக்கும் வரும் நீளக் குண்டு இரண்டாவது. கொலராடோ, ஐடஹோ வேட்டைக்காரர்களுக்கு அதுதான் வழி. மூன்றாவது சேபோ. .45 விட்டக் குண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்காரவைத்து .50 குழலில் இறக்குவார்கள். கிண்ணம் பள்ளத்தைப் பிடித்துச் சுழன்று, வாயைத் தாண்டியதும் மலர்ந்து விழுந்துவிடும். குண்டு மட்டும் போகும். சேபோ என்பது பிரெஞ்சு மொழியில் பாதக்குறடு. குண்டுக்கு மாட்டிய மரச்செருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது என்பதால் அங்கே செம்புக் குண்டுதான். மற்ற இடங்களில் ஈயமா செம்பா என்பது உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. குழலுக்குப் பிடிப்பது என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி, இரண்டு வேறு குண்டைக் கேட்கும். நாலைந்து வகையை வாங்கிச் சுட்டுப் பார்க்காமல் தெரியாது.

மருந்து போட்டாயிற்று, குண்டு இறக்கியாயிற்று. இனி இந்தத் தொழிலின் உயிர்நாடி: குண்டு மருந்தின் மேல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் இருந்தால் குழலில் வளையம்போல் வீக்கம் விழலாம், வெடிக்கவும் செய்யலாம். இது கண்ணுக்குத் தெரியாத இடம்; தெரியவைக்க ஒரு பழைய வித்தை உண்டு. காலிக் குழலில் கம்பியை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். சரியான மருந்தும் குண்டும் இறக்கிய பிறகு இன்னொரு கோடு. இனி ஒவ்வொரு முறையும் இரண்டாவது கோடு வாய்க்கு நேராக நிற்க வேண்டும். மேலே நின்றால் குண்டு பாதியில் சிக்கியிருக்கிறது, அல்லது பேச்சுவாக்கில் மருந்தை இரண்டு தடவை கொட்டிவிட்டீர்கள். முதல் கோட்டில் நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை. எந்தக் கருவியும் தராத தகவல், ஐந்து ரூபாய் பேனாவில் கிடைக்கிறது. மருந்தைப் புட்டியிலிருந்து நேராகக் குழலில் கொட்டவும் கூடாது. உள்ளே முந்தைய வெடியின் கங்கு இருந்தால் புட்டியே கையில் வெடிக்கும். முதலில் அளவைக் குழாயில், அங்கிருந்து குழலில்.

பிரைமர் எப்போதும் கடைசி. சுடப் போகும் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதை வைப்பது. பல மாநிலங்களில் பிரைமர் வைக்காத மஸில்லோடர், மருந்தும் குண்டும் உள்ளே இருந்தாலும், வண்டியில் கொண்டுபோவதற்குக் காலித் துப்பாக்கி என்றே கணக்கு.

சுட்டுப் பழகும் மைதானத்தில் ரைஃபிள்காரரின் வழக்கம் இங்கே செல்லாது. அவர் வரிசையாக மூன்று தோட்டா சுட்டுப் பார்ப்பார். இங்கே ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் குழலில் கசடு படியும், அடுத்த குண்டு இறங்கத் திணறும். டிரிபிள் செவனில் மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே கெட்டியாக ஒரு வளையமே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று விட்டுத் துடைத்தால்தான் எல்லாக் குண்டும் ஒரே நிலைமையில் போகும். குழல் சூடானால் சேபோவின் பிளாஸ்டிக் இளகிக் குறி சிதறும், ஆற விடுங்கள். ஒரு மதியத்தில் பத்துப் பதினைந்து வெடி போதும். காட்டில் நீங்கள் சுடப்போவது ஆறிய குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டை. எனவே நாளின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்துவையுங்கள். அந்த ஒன்றுக்காகத்தான் ஸ்கோப்பைத் திருத்த வேண்டும்.

நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில் 150 கஜத்தில் குண்டு சுமார் ஐந்தாறு அங்குலம் தாழும். 200 கஜத்தில் ஒரு அடிக்கும் மேல். கனமான, மெதுவான குண்டைக் காற்று ஒதுக்குவதும் அதிகம். இருநூறு கஜத்தில் தட்டைச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் தட்டு நடப்பதில்லை. சோளக் கொல்லை ஓரத்தில் மேய்கிற மான் விசையை இழுக்கும் நொடியில் ஒரு எட்டு வைத்தால், முன்னங்கால் தோளுக்குப் பின்னால் நுரையீரலில் படவேண்டியது வயிற்றில் படும். இரண்டாவது குண்டு கிடையாது என்பதை முதல் குண்டுக்கு முன்பே யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் 150 கஜத்தோடு கோடு போடுவேன்.

டிசம்பர், ஜனவரி என்றால் பனியும் ஈரமும். பட்டாசை மழைக் காலத்தில் வைத்திருந்து பழகிய நமக்கு நமுத்துப்போவது என்றால் என்னவென்று தெரியும். துப்பாக்கியை நமுக்கவைப்பது மழையைவிட வீட்டுச் சூடுதான். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள்ளேயே வியர்க்கும். அதனால் இரவில் பிரைமரை எடுத்துவிட்டு, குளிரான ஆனால் பூட்டிய இடத்தில் வைப்பார்கள். வாயில் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒட்டிவிட்டால் தூறல் உள்ளே போகாது. முன்னால் பாயும் காற்றே டேப்பைக் கிழித்துவிடும். காலையில் மருந்து போடும் முன் வெறும் பிரைமர் ஒன்றைச் சுடுங்கள். வாயைத் தரையில் கிடக்கும் ஒரு சருகுக்கு நேராகப் பிடித்தால் சருகு துள்ள வேண்டும். துள்ளினால் வழி திறந்திருக்கிறது.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், தீபாவளிப் பட்டாசுக்குச் சொன்ன அதே புத்திதான். உடனே போய்க் குனிந்து பார்க்கக் கூடாது. துப்பாக்கியை ஆளில்லாத திசையிலேயே ஒரு நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். சில சமயம் பொறி மெதுவாக ஊர்ந்து, தாமதமாக வெடிக்கும்.

வெடித்துவிட்டால் முதலில் தெரிவது புகை. காற்று இல்லாத காலையில் வெள்ளைத் திரை ஒன்று கண் முன்னால் நிற்கும். மான் விழுந்ததா ஓடியதா என்று தெரியாது. ரைஃபிளில் பழகியவர்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. சுடுவதற்கு முன்பே மான் நிற்கும் இடத்தில் ஒரு மரத்தையோ செடியையோ அடையாளம் வைத்துக்கொள்வார்கள். சுட்டதும் காதைத் தீட்டிக்கொண்டு, ஓசை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார்கள். மானைத் தேடிக் கிளம்பும் முன் மறுபடி மருந்து போடுவது கட்டாயம். அப்புறம் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு அடையாள மரத்திலிருந்து இரத்தத் தடம் பார்ப்பார்கள். அவசரப்பட்டுத் துரத்தினால், அருகிலேயே படுத்து இறந்திருக்க வேண்டிய மான் எழுந்து அடுத்த ஊர் எல்லைவரை ஓடும்.

வேட்டை முடிந்த இரவில் சோம்பல்தான் பெரிய எதிரி. பைரோடெக்ஸ் போன்ற மருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகைத் தின்னும். ஒரு வாரம் விட்டால் குழலுக்குள் குழி விழும். இதற்குத்தான் துருப்பிடிக்காத எஃகைச் சொன்னேன். அதுவும்கூட விதிவிலக்கல்ல, கொஞ்சம் தவணை கொடுக்கும், அவ்வளவுதான். பைரோடெக்ஸும் டிரிபிள் செவனும் சோப்புத் தண்ணீருக்குக் கரையும். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் உதவாது. ரைஃபிள் கழுவும் திரவம் வேண்டும். பிரீச் பிளக்கைக் கழற்றி, பொறி வரும் சின்னத் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்து, மரையில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். கிரீஸ் இல்லாமல் மாட்டி ஒரு பருவம் விட்டால் அது குழலோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய இன்லைன் ஒன்றை மலிவாக வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். கட்டை பளபளக்கிறதா, ஸ்கோப் இலவசமா என்பதெல்லாம் அப்புறம். கம்பியை உள்ளே விட்டுக் குழல் காலி என்று பார்த்துவிட்டு, விற்பவரிடம் சாவியைக் கொடுத்து பிரீச் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்வார்கள். “கொஞ்சம் இறுகியிருக்கு, எண்ணெய் விட்டா வந்துடும்” என்று பதில் வந்தால் துப்பாக்கி மறுபடி மேசைக்கே போகும்.